கண்டெடுத்தவன் கணக்கு

ரோட்டில் நடந்து போகிறீர்கள். காலடியில் ஒரு ரூபாய் நாணயம் கிடக்கிறது. எடுத்துப் பையில் போட்டுக்கொள்வீர்களா, மாட்டீர்களா? போட்டுக்கொள்வீர்கள். நானும்தான். சரி, அதே இடத்தில் ஒரு தங்க மோதிரம் கிடந்தால்?

இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது திண்டுக்கல்லில், ஒரு பூங்காவில். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த நண்பர், தன் மகனுக்கு மெட்டல் டிடெக்டர் வாங்கி வந்திருந்தார். மலைக்கோட்டைக்குப் போகலாம் என்று நின்றான் பையன். "அது தொல்லியல் துறை பாதுகாக்கிற இடம்டா. அங்கே தோண்டினா கம்பி எண்ண வேண்டியதுதான்" என்று பயமுறுத்தி, அனுமதி கேட்டுக்கொண்டு பூங்காவுக்குக் கூட்டிப் போனேன்.

சாயங்காலம் வரை கருவி கத்திக்கொண்டே இருந்தது. தோண்டினால் சோடா மூடி, ஆணி, ஊக்கு. 2011-ல் செல்லாமல் போன நாலணாக்கள் மூன்று. அதற்கே பையன் குதித்தான். கடைசியில் ஊஞ்சலுக்குப் பக்கத்தில், மண்ணுக்குள் ஒரு குழந்தையின் வெள்ளிக் கொலுசு.

"மாமா, கண்டெடுத்தவங்களுக்குத்தானே சொந்தம்?"

என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம்.

1878-ல் வெள்ளைக்காரன் போட்ட புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மண்ணில் புதைந்து கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமென்றால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. நூறு வருஷத்துக்குள் புதைத்தது என்றால், புதைத்தவர் தரப்பு உரிமை கேட்டு வரலாம். உரியவர் யாரும் இல்லையென்றால், கண்டெடுத்தவருக்கும் பங்கு உண்டு.

நியாயம்தான். பழனி பக்கம் கலையம்புத்தூரில் 1856-ல் ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றைப் புதைத்தவன் இனி வந்து கதவைத் தட்டப் போவதில்லை. அந்தக் காசுக்காக இன்று அழ யாருமில்லை.

ஆனால் நேற்றுத் தொலைந்த பொருளுக்குக் கணக்கு வேறு. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 403-வது பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 314-வது பிரிவாகியிருக்கிறது. அதில் உதாரணங்கள் கொடுத்திருக்கிறார்கள். யாருடையது என்று தெரியாமல் ரோட்டில் கிடந்த ஒரு ரூபாயை எடுத்தவன் குற்றவாளி இல்லை. விலையுயர்ந்த மோதிரத்தை எடுத்து, உரியவரைத் தேடாமல் உடனே விற்றவன் குற்றவாளி. குனிந்து எடுத்தது தப்பில்லை. நிமிர்ந்து நாலு பக்கமும் பார்க்காததுதான் தப்பு.

இப்போது காரணத்துக்கு வருகிறேன். பி.காம். படிக்கும்போது ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் எனக்கு ஒரு மோதிரம் கிடைத்தது. சிவப்புக் கல் வைத்தது. யாரிடமும் கேட்கவில்லை. விற்றுப் பரீட்சை ஃபீஸ் கட்டினேன். 'திருடலையே, கிடைச்சதுதானே. கடவுளாப் பார்த்துக் கொடுத்தது' என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இன்னொருவர் விரலிலிருந்து கழற்றியா கடவுள் எனக்குக் கொடுப்பார்? அந்த வயதில் அது தோன்றவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அதே வருடம் வகுப்பில் சஸ்பென்ஸ் அக்கவுண்ட் நடத்தினார்கள். யாரிடமிருந்து வந்தது என்று தெரியாத தொகையை வருமானத்தில் சேர்க்கக் கூடாது. விவரம் தெரியும்வரை தனியாக நிறுத்தி வைக்க வேண்டும். அந்தப் பாடத்தில் நல்ல மார்க் வாங்கினேன். மோதிரத்தை மட்டும் நேராக வரவில் எழுதிவிட்டேன். எந்த வீட்டில், யாருடைய கணக்கில் அது நஷ்டமாக ஏறியதோ! அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததோ இல்லையோ!

பையனிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு அவனே ஒரு அட்டையில் எழுதினான்: 'கொலுசு கிடைத்திருக்கிறது. அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளவும்.' கொலுசைக் காவலாளியிடம் ஒப்படைத்தோம்.

"யாருமே வரலைன்னா மாமா?"

"கலெக்டருக்கு எழுதுவோம். அதுவரை சஸ்பென்ஸ்ல இருக்கட்டும்" என்றேன்.

இதை எழுதும்வரை யாரும் வரவில்லை. உங்கள் கணக்கையும் ஒருமுறை புரட்டிப் பாருங்களேன். தனியாக நிறுத்தி வைத்திருக்க வேண்டிய ஏதாவது, நேராக வரவில் ஏறியிருக்கிறதா?