நத்தைக்கு ஒரு வழக்கு

கடுகை விடச் சற்றே பெரிய ஒரு நத்தை. அதற்காகக் குடியானவன் தன் கிணற்றில் இறைக்கும் தண்ணீரைக் குறைத்துக்கொள்ள வேண்டுமா? வேடிக்கைக்காக இதைக் கேட்கவில்லை. அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தில் இந்த விவகாரம் நீதிமன்றம் வரை போயிற்று.

அங்கே புரூனோ என்னும் ஆற்றங்கரையில் வெந்நீர் ஊற்றுகள் உண்டு. ஏறக்குறைய 8 கிலோமீட்டர் தூரத்துக்குள் உள்ள ஊற்றுகளிலும், அடுத்துள்ள ஓர் ஓடையிலுந்தான் இந்த நத்தை வாழ்கிறது. பூமியில் வேறெங்கும் கிடையாது. ஊற்றுகளுக்கும் சுற்றுவட்டாரக் கிணறுகளுக்கும் நிலத்தடியில் ஒரே தண்ணீர்தான். வயலுக்காகப் பம்பு வைத்து இறைக்க இறைக்க, ஊற்றுக்கு ஏறிவரும் நீர் தளர்ந்தது. 1964-ல் நிமிஷத்துக்குச் சுமார் 2,400 காலன் கொட்டிய பெரிய ஊற்றொன்று பிற்பாடு வற்றிப்போயிற்று.

1993-ல் அரசாங்கம் நத்தையைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. விவசாயிகள் தரப்பு வழக்காடி, அதே வருஷம் கீழ்க்கோர்ட்டில் வென்றது.

"இதனால் யாருக்கு என்ன பிரயோசனம்?" என்று குடியானவன் கேட்டால் அவன்மேல் கோபிப்பது நியாயமல்ல, கடன்பட்டு உழுகிறவன் அவன். சிலர் அவனுக்குச் சாமர்த்தியமாக விடையளிப்பார்கள்: நிலத்தடி நீர் இறங்குவதை நத்தை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கிறதே என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த வேலையை ஓர் அளவுகோல் செய்துவிடும். அளவுகோல் வாங்கியபின் நத்தை சாகலாமா? பிரயோசனத்தைக் கொண்டே ஒன்றின் மதிப்பை நிறுக்கப் போனால், திண்ணையில் படுத்திருக்கும் பாட்டியின் கதி என்னவாகும்! நத்தையும் மனிதரும் சமம் என்று சொல்ல வரவில்லை. அவரவர் தேவைக்கு அப்பாலும் ஒரு பொருளுக்கு மதிப்பு உண்டு என்பதை நாம் வீட்டிலேயே அறிந்திருக்கிறோம் என்கிறேன். மேலும், தரிசாய்ப் போட்ட வயல் அடுத்த மழைக்கு விளையும். அற்றுப்போன இனம் எந்த மழைக்கும் திரும்பாது.

ஆனால் செலவு யாருடையது? தன் வீட்டுக் குழாயில் ஒரு குடம் குறையாமல், எங்கோ இருக்கிறவன் வயலைக் காயப்போடச் சொல்வது எளிது. நத்தை தேசத்தின் சொத்தானால் நஷ்டமும் தேசத்தைச் சேர்ந்ததே.

1995-ல் மேல்கோர்ட்டு இரண்டு சொல்லிற்று. நிலத்தடி நீர் பற்றிய அறிக்கையை மக்கள் பார்வைக்கு வைக்காதது தவறு; ஆனால் அந்தத் தவறுக்காக நத்தையின் பாதுகாப்பை எடுத்துவிடலாகாது. பிறகு அறிக்கையைக் காட்டி, ஆட்சேபங்களையும் கேட்டு, 1998-ல் நத்தை பட்டியலிலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள்.