அரஷியாமா மலையடியில் ஒரு துறவியின் குளம்

1339-ஆம் ஆண்டு ஜப்பானியப் பேரரசர் கோ-டைகோ யோஷினோ மலைப்பகுதியில் காலமானார். கியோத்தோவை விட்டு ஓடி, தெற்கே தனி அரசவை நடத்திவந்தவர் அவர். அவரை அந்த நிலைக்குத் தள்ளிய படைத்தலைவர் அஷிகாகா தகாவுஜியே அவருடைய ஆன்மா அமைதியடைய ஒரு கோயில் கட்டவும் முன்வந்தார். அதற்கு வழிசொன்னவர் முசோ சோசெகி என்ற ஜென் துறவி. இறந்தவர், வென்றவர் இருவருக்குமே அவர் வேண்டியவர்.

தேர்ந்தெடுத்த இடம் கியோத்தோவின் மேற்கு ஓரம். ஓயி ஆறு மலையிடுக்கை விட்டு வெளியேறிச் சமவெளியைத் தொடும் இடம் அது. கோ-டைகோவின் பாட்டனார் கமேயாமாவின் அரண்மனை அங்கேதான் இருந்தது. ஆற்றிலிருந்து பொன்னிற டிராகன் ஒன்று மேலெழுந்ததாகத் தகாவுஜியின் தம்பி ததயோஷி கனவு கண்டார் என்றும், அதனால் கோயிலுக்குத் தென்ரியூஜி என்று பெயர் வைத்தார்கள் என்றும் மரபு சொல்கிறது. கட்டுமானச் செலவுக்காகச் சீனாவுக்கு ஒரு வணிகக் கப்பலையே அனுப்பிப் பணம் திரட்டினார்கள்.

அந்தக் கோயிலின் மண்டபங்கள் எட்டு முறை பெருந்தீயில் அழிந்தன. இன்று நிற்கும் பெரிய மண்டபம் 1899-இல் எழுந்தது. ஆனால் அதன் பின்புறம் முசோ அமைத்த சோகென் குளம், கரை வளைவுகளோடும் பாறைகளோடும், ஏறக்குறைய அவர் காலத்து உருவிலேயே இருக்கிறது. திண்ணையில் அமர்ந்து பார்த்தால் முதலில் நீர், அப்பால் கற்கள், அதற்கும் அப்பால் மரங்கள். எங்கே தோட்டம் முடிந்து எங்கே மலைச்சரிவு தொடங்குகிறது என்று கண்ணால் பிரிக்க முடிவதில்லை. எதிர்க்கரையில் ஒரு வறண்ட அருவி. மஞ்சள் ஆற்றின் லோங்மென் அருவியை எதிர்த்து ஏறிவிடும் கெண்டை டிராகனாகிவிடும் என்பது சீனக் கதை. ஞானத்தைத் தேடுகிறவனுக்கு ஜென் மரபு அந்தக் கெண்டையை உவமை சொல்லும். இத்தகைய அருவிகளில் கெண்டையைக் குறிக்கும் கல்லைப் பெரும்பாலும் அடியில்தான் நடுவார்கள். இங்கே அது பாதி ஏறிய நிலையில் இருக்கிறது. மீன் என்றும் சொல்ல முடியாது, டிராகன் என்றும் சொல்ல முடியாது.

பற்றை விடச் சொல்லும் துறவி, ஆள் வைத்துக் கல் இழுத்து, குளம் வெட்டி, அழகு பார்க்கலாமா? கையால் செய்ததைத் தானாக விளைந்தது போலக் காட்டுவது ஒருவகைப் பொய் ஆகாதா?

முதல் கேள்வியை முசோ நேராகவே எதிர்கொண்டார். ததயோஷியின் 93 கேள்விகளுக்கு அவர் சொன்ன விடைகள் 'முச்சூ மொந்தோ' என்ற நூலாக 1344-இல் அச்சாயின. அதில் தோட்டப் பிரியர்களைப் பற்றியும் பேசுகிறார். பிறர் மெச்சுவதற்காகத் தோட்டம் போடுகிறவர் உண்டு. அரிய பொருள் சேர்க்கும் ஆசையில் கல்லும் மரமும் வாங்கிக் குவிப்பவர் உண்டு. உலக அழுக்கு ஒட்டாத மனத்தோடு மலையையும் நீரையும் நேசிப்பவரும் உண்டு. மலை, ஆறு, புல், கல் யாவும் தன்னுடைய மெய்யியல்பே என்று கண்டவருக்குத் தோட்ட வேலை வேறு, தவம் வேறு அல்ல. நிலக்காட்சியில் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. அவை பார்ப்பவரின் மனத்தில்தான் உள்ளன என்பது அவர் கருத்து.

அழகான விடைதான். ஆனால் எல்லாம் மனத்தில்தான் என்றால், கெண்டைக் கல்லை எங்கே நடுவது என்று அவர் ஏன் அத்தனை சிரமப்பட வேண்டும்? நூலைவிட அவருடைய கைவேலைதான் இதற்கு முழுமையான பதில். கோயிலைச் சுற்றிப் பத்துக் காட்சிகளைத் தேர்ந்து அவற்றுக்குப் பெயரிட்டார் முசோ. சோகென் குளம் அவற்றில் ஒன்று. ஓடும் ஆறும், அதன் மேலுள்ள பாலமும், எதிரே நிற்கும் அரஷியாமா மலையும் அதே பட்டியலில் சேர்ந்தன. புத்தர் பேசாமல் ஒரு பூவை உயர்த்திக் காட்ட, காசியபர் மட்டும் புன்னகைத்தார் என்ற கதையை நினைவூட்டும் பெயர் அந்த மலைக்குக் கிடைத்தது. முசோ தன் தோட்டத்துக்கு வேலியே போடவில்லை. பள்ளத்தாக்கு முழுவதையும் அதற்குள் சேர்த்துக்கொண்டார்.

அந்தப் பள்ளத்தாக்கும் மனிதக் கை படாததல்ல. கியோத்தோ 794-இல் தலைநகராவதற்கு முன்பே, கொரியத் தீபகற்பத்திலிருந்து வந்து குடியேறிய ஹத்தா குலத்தார் ஆற்றில் அணை கட்டி வயலுக்குத் தண்ணீர் திருப்பியிருந்தார்கள். தம்பா மலைக்காடுகளில் வெட்டிய மரங்கள் தெப்பமாக இதே ஆற்றில்தான் வந்தன. எதிர்மலையில் பூக்கும் செர்ரிகளின் முன்னோர் 13-ஆம் நூற்றாண்டில் அரச குடும்பத்தார் யோஷினோவிலிருந்து கொண்டுவந்து நட்டவை. கோ-டைகோ உயிர்விட்ட அதே யோஷினோ! அரசருக்காகக் கட்டிய கோயிலின் முன்னே வசந்தம்தோறும் அந்த ஊர் மரங்கள் பூத்தன. கல்வெட்டே இல்லாத நினைவுச்சின்னம் இது. இயற்கை போலச் செய்வது பொய்யா என்ற கேள்வியும் இங்கே வலுவிழக்கிறது. முசோ காட்டை நகலெடுக்கவில்லை. தலைமுறைகள் உழைத்து உருவாக்கிய ஒரு நிலத்தில் தன் பங்கைச் சேர்த்தார்.

1994-இல் யுனெஸ்கோ இந்தக் கோயிலை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. குளத்தைப் பராமரிப்பது எளிது, மலைதான் சிக்கல். அழகைக் காப்பதற்காக வெட்டுவதை நிறுத்திய பிறகு, நிழலில் தழைக்கும் பசுமைமாறா மரங்கள் அரஷியாமாவில் பெருகின. வெயில் தேடும் பைனும் செர்ரியும் குறைந்தன. பைன் வாடல் நோயும் சேர்ந்துகொண்டது. இயற்கையை அதன் போக்கில் விட்டால், முசோ பார்த்த மலை அங்கே இருக்காது. ஆகவே வனத்துறையினரும் உள்ளூர்க்காரர்களும் சரிவுகளில் இடைவெளி உண்டாக்கிப் பைனையும் செர்ரியையும் திரும்ப நடுகிறார்கள். அந்தக் கன்றுகளை மான்கள் மேய்ந்துவிடாதபடி வலையும் கட்ட வேண்டியிருக்கிறது.