சும்மா போகிற வழி

பங்குனி. ஞாயிறு. வெயில் ஏறுவதற்கு முன்.

எம். புதுப்பட்டியிலிருந்து அர்ச்சுனா நதிக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதை. ஆடு பத்திக்கொண்டு எதிரே வந்த பெரியவர் நின்றார்.

"எங்கய்யா போற?"

"சும்மா, நடந்துட்டு வரலாம்னு தாத்தா."

"ஆடு ஏதும் காணாமப் போச்சா?"

"இல்ல தாத்தா."

என் கேன்வாஸ் ஷூவைப் பார்த்தார். கையைப் பார்த்தார், கம்பு இல்லை, தூக்குவாளி இல்லை. "கோயிலுக்கா? சரி, போயிட்டு வா" என்று எனக்கு அவரே ஓர் இடத்தைக் கொடுத்துவிட்டு ஆடுகளுக்குப் பின்னால் போனார்.

கூடமுடைய அய்யனார் கோயில் அந்தத் திசைதான். நான் மறுக்கவில்லை.

*

இதை எழுதுகிற தாள் தினசரிக் காலண்டரின் வேஸ்ட் ஷீட். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறேன். ஆடிப்பெருக்குக்குப் புதுக் காலண்டர் ஆல்பம் வெளிவந்தாக வேண்டும் என்பதால், வரப்போகிற தை மாதம் எனக்கு ஆனியிலேயே முடிந்துவிடும். ராகுகாலம், எமகண்டம், வாஸ்து நாள், சுபமுகூர்த்தம். வாரத்தில் ஆறு நாள் அடுத்த வருஷத்தில் இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் இந்த வருஷத்துக்குத் திரும்புகிறேன்.

ஆற்றில் தேதி இல்லை. மணல், சீமைக்கருவேலம், நாணல், மயில் நடந்த தடம். ஆள்காட்டிக் குருவி ஒன்று என்னைப் பார்த்துக் கத்துகிறது. அதற்கும் அதே கேள்விதான் போல: எங்கே போகிறாய்?

*

சித்திரை.

எங்கள் பக்கம் 'காட்டுக்குப் போறேன்' என்றால் பருத்தி எடுக்கவோ, களை வெட்டவோ, மோட்டார் போடவோ போகிறார்கள் என்று அர்த்தம். கரிசல் புஞ்சைக்குத்தான் காடு என்று பெயர். மரங்கள் அடர்ந்த காட்டுக்கு மலை என்போம். ஆக, வேலை இல்லாமல் போகக்கூடிய காடு என்று ஒன்று எங்கள் பேச்சிலேயே கிடையாது.

வெட்டவெளிக்கு மட்டும் குறைவில்லை. ஊரைச் சுற்றிலும் கண்ணுக்கு எட்டுகிற வரை வெளிதான். ஆனால் அதில் பெரும்பகுதி பட்டாசு ஆலைகளின் வெளி. அறைக்கும் அறைக்கும் இடையே இவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்று விதி. ஒன்று வெடித்தால் அடுத்தது தப்பிக்க வேண்டும். அந்த இடைவெளிகளைத் தூரத்திலிருந்து பார்த்தால் பூங்கா மாதிரிகூட இருக்கும். சுற்றிலும் வேலி, கேட்டில் காவலாளி. தீப்பெட்டியும் கைப்பேசியும் உள்ளே போகாது. எங்கள் ஊரில் பாதிப் பேர் நடந்து தேய்த்த பாதைகள் அந்த கேட்டுகளில்தான் முடிகின்றன. ஞாயிறன்று அவற்றில் ஆள் இருக்காது. சும்மா நடப்பதற்கு அருமையான பாதைகள். ஏனோ எனக்குக் கால் போவதில்லை.

வேலி இல்லாத அகலமான இடம் ஆறு ஒன்றுதான்.

*

ஆனி.

நதிக்குப் பெயர் வைத்தது வில்லாளியா, மரமா என்று யோசித்துக்கொண்டு நடந்தேன். அர்ச்சுனன் அம்பு விட்டு வரவழைத்த தண்ணீர் என்பார்கள். மருதமரத்துக்கும் வடமொழியில் அர்ஜுனம் என்றுதான் பெயர். ஆற்றங்கரை மரம் அது. மலையில் வத்திராயிருப்புப் பக்கம் பிறந்து, எங்கள் ஊரைக் கடந்து, ஆனைக்குட்டம் அணை, கோல்வார்பட்டி அணை என்று தங்கித் தங்கிப் போய், இருக்கன்குடியில் வைப்பாறோடு சேர்கிற நதி. போகிற நதி என்று சொன்னாலும் வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் அது போவதில்லை. படுத்திருக்கிறது. அதன் மேல்தான் நடக்கிறேன்.

*

ஆடி.

கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடைபயணம். ஊரிலிருந்து முந்தின நாளே கிளம்பிவிடுகிறார்கள். மஞ்சள் சேலை, வேப்பிலை, ஒரு பையில் மாற்றுத்துணி. கால் வலிக்கு ஒரு டியூப் களிம்பு, அது எல்லோருக்கும் பொது.

பக்கத்து வீட்டு மதினி இது பன்னிரண்டாவது வருஷம் என்றார். பட்டாசு ஆலையில் குழாய்க்கு மருந்து அடைக்கும் வேலை. உட்கார்ந்த இடத்திலேயே நாள் முழுக்க. முழங்கால் வலிக்குமே, பஸ்ஸில் போகக்கூடாதா என்று கேட்டுவிட்டேன்.

"பஸ்ல போனா என்ன இருக்கு? ஏறுனா எறங்கணும். நடந்தா ராத்திரி பூரா ரோட்டுல பேசிக்கிட்டே போவோம். ஒரு இடத்துல உக்காந்து சோறு திம்போம். நிலாவப் பாப்போம். வீட்டுல அடுப்பு யாரு பத்தவைக்கான்னு கேக்கவே மாட்டோம்."

கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ஆத்தா கூப்பிடுறான்னு சொன்னாத்தான தம்பி விடுவாக. நெலாப் பாக்கப் போறேன்னா விடுவாகளா?"

அவர் பக்தியை நான் சந்தேகிக்கவில்லை. அக்னிச்சட்டி எடுக்கிறவர். ஆனால் அன்று இரவு, போகுமிடம் என்று ஒன்றைச் சொல்லியாக வேண்டிய கட்டாயம் எனக்கு ஞாயிற்றுக்கிழமை கூச்சம் மட்டும்தான் என்றும், அவருக்கு அது வீட்டு வாசலைத் தாண்டும் சீட்டு என்றும் தோன்றியது. ஷூ மாட்டிக்கொண்டு, வீட்டில் யாரும் கேள்வி கேட்காமல் கிளம்ப முடிகிறது என்னால். அதைப் பெரிய தத்துவமாக இந்தத் தாள்களில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

*

ஐப்பசி. தீபாவளிக்கு முந்தின வாரம்.

அச்சகத்து டிடிபி பையன் கைப்பேசியை நீட்டினான். "அண்ணே, ஒங்க ஊருக்கே ட்ரெக்கிங் விட்டுட்டாக!"

2024 அக்டோபரில் அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டம். 14 மாவட்டங்கள், 40 பாதைகள். இணையத்தில் பணம் கட்டிப் பதிய வேண்டும். வழிகாட்டி உடன் வருவார். விருதுநகர் மாவட்டத்துக்கு இரண்டு: செண்பகத்தோப்பு - புதுப்பட்டி ஒன்று, ராக்காச்சி அம்மன் கோயில் ஒன்று.

அந்தப் புதுப்பட்டி மலையடிவாரத்துப் புதுப்பட்டி என்று அவனுக்கு விளக்க வேண்டியதாயிற்று. நம் நாட்டில் புதுப்பட்டிகளுக்குக் கணக்கில்லை. அதனால்தான் மனிதர்களைப் போல ஊருக்கும் இனிஷியல். வத்திராயிருப்புக்குப் பக்கத்திலேயே வ. புதுப்பட்டி என்று இன்னொன்று. 'எம்.' போட்டால்தான் எங்களுக்குத் தபால் வரும்.

இரண்டாவது பாதையைத்தான் மறுபடி பார்த்தேன். அரசாங்கம் வெறுமனே நடக்கக் கூப்பிட்டாலும் முடிவில் ஓர் அம்மன் உட்கார்ந்திருக்கிறாள்.

*

அதே வாரம். தூக்கம் வரவில்லை.

குரங்கணி நினைவு. 2018 மார்ச் 11. தேனி மலைச்சரிவில் காட்டுத்தீ. நடக்கப் போனவர்களில் 23 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. அந்த நாட்களில் டீக்கடையில் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "அங்க எதுக்குப் போனாக?"

கேட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. தீ என்றால் என்னவென்று தெரிந்த ஊர் இது. வெந்தவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் பழகிய கைகள்தான் அன்று டீ கிளாஸைப் பிடித்திருந்தன. ஆனாலும் அந்த 'எதுக்கு' என்னைக் குத்தியது.

2015 மே மாதம் சதுரகிரி மலைக்கோயிலுக்கு அமாவாசைக்குப் போனவர்கள் ஓடையில் திடீரென்று இறங்கிய வெள்ளத்தில் சிக்கினார்கள், உயிர்கள் போயின. அப்போது யாரும் எதுக்கு என்று கேட்கவில்லை. சுந்தரமகாலிங்கத்தைப் பார்க்கப் போனார்கள், அவ்வளவுதான். ஆலையில் வெடித்தாலும் கேட்பதில்லை, கூலிக்குப் போனார்கள். சாமிக்காகச் செத்தால் விளங்குகிறது, கூலிக்காகச் செத்தால் விளங்குகிறது. மலையைப் பார்க்க ஆசைப்பட்டுச் செத்தவர்களிடம் மட்டும் விளக்கம் கேட்கிறோம்.

சதுரகிரிப் பாதையை நாங்கள் கிலோமீட்டரில் சொல்வதில்லை என்பதும் இப்போது ஞாபகம் வருகிறது. தாணிப்பாறையில் ஏறினால் வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், நாவல் ஊற்று, பச்சரிசிப் பாறை, பிலாவடிக் கருப்பு. "எங்க வந்திருக்கோம்?" என்றால் இவற்றில் ஒன்றைச் சொல்வார்கள். சேருமிடம் ஒன்று போதாமல் வழிநெடுகச் சேருமிடங்களை வைத்திருக்கிறோம். ஒவ்வொன்றிலும் உட்காரலாம். உட்காருவதற்குத்தான் வைத்தார்களோ என்னவோ.

*

கார்த்திகைக் கடைசி.

"தண்ணி வந்திருச்சாம்!"

ஊரே ஆற்றுக்குப் போனது. தீபாவளி முடிந்து ஆலைகள் இன்னும் முழுசாகத் திறக்காத நாட்கள், மழை வேறு. பிள்ளைகள், கிழவிகள், இடுப்பில் குழந்தையோடு மருமகள்கள், பைக்கில் மூன்று பேராக இளவட்டங்கள். டீ நிறத்தில் சுழித்துக்கொண்டு போகிறது. ஒரு பானை, ஒரு வாழைமரம், நிறைய பிளாஸ்டிக். மதினி வந்திருந்தார். எதற்கு வந்தீர்கள் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. தண்ணீர் பார்க்க வந்திருக்கிறோம். அது ஒரு காரியம்தான் என்பதில் மழை குறைந்த இந்த மாவட்டத்தில் எவருக்கும் சந்தேகம் இல்லை. இருட்டுகிற வரை நின்றோம். கிழவி ஒருத்தி தன் பேத்திக்கு, எந்த வருஷத்தில் தண்ணீர் எந்த மரம் வரைக்கும் ஏறியது என்று காட்டிக்கொண்டிருந்தாள். நான் புரூஃப் பார்க்கிற எந்தக் காலண்டரிலும் அது இல்லை.

*

தை.

ஆறு மறுபடி மணலாகிக்கொண்டிருக்கிறது. பள்ளங்களில் மட்டும் கொஞ்சம் நிற்கிறது. நான்கு வாரமாகப் பெரியவரைக் காணவில்லை, இன்று பார்த்தேன். கம்பு கையில் இருக்கிறது, ஆடு ஒன்றும் இல்லை. மேய்க்க முடியவில்லை, பொங்கலுக்கு முன்னால் மொத்தமாக வியாபாரியிடம் கொடுத்துவிட்டாராம். முழங்கால்.

அவரோடு மெதுவாக நடந்தேன். ஆடு இல்லாததால் அவர் நடை எனக்குப் புதிதாக இருந்தது. அங்கங்கே நின்று பார்த்தார். ஒரு பள்ளத்தில் கொக்கு. அதை ரொம்ப நேரம் பார்த்தார். நான் எதுவும் கேட்கவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் அவராகவே சொன்னார்: "கோயிலுக்குத்தான்யா."

"சரி தாத்தா" என்றேன்.

கோயில் எங்களுக்குப் பின்னால் இருந்தது. இரண்டு பேரும் மேற்கே, ஆற்றோடு நடந்துகொண்டிருந்தோம்.