கிளிஞ்சல் தீவின் இடுகாடு

வெவ்வேறு சமயத்தார் ஓர் ஊரில் சண்டையின்றி வாழ வேண்டுமானால், அவரவர் சமயப் பற்று கொஞ்சம் தணிய வேண்டும் என்ற எண்ணம் படித்தவர்களிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. சமயச் சண்டையாக மூண்டு 1648இல் முடிவுக்கு வந்த முப்பதாண்டுப் போருக்குப் பிறகு ஐரோப்பா மெல்ல மெல்லத் தேவாலயத்தை அரசிலிருந்து விலக்கிவைத்த வரலாறு இந்த எண்ணத்துக்குப் பின்பலமாக நிற்கிறது. பக்தி முற்றினால் பகை முளைக்கும், பக்தி ஆறினால் அமைதி பிறக்கும் என்பது இதன் சாரம். இது உண்மையா என்று உரசிப் பார்க்க ஆப்பிரிக்காவின் மேற்குக் கோடியில் இருக்கும் செனகல் நல்ல உரைகல். ஏறக்குறைய 1 கோடியே 80 லட்சம் மக்கள் வாழும் அந்த நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குக் குறையாமல் முஸ்லிம்கள். மீதிப் பேரில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். அங்கே பற்று ஆறிப்போகவில்லை. பேருந்திலும் கடைச் சுவரிலும் சூஃபி ஞானியரின் படங்கள் இருக்கும். 1887இல் முரீத் சூஃபிகளின் குரு அமது பம்பா நிறுவிய தூபா நகருக்கு ஆண்டுதோறும் மகால் திருநாளில் பல லட்சம் பேர் திரள்கிறார்கள்.

இப்படிப்பட்ட நாடு 1960இல் விடுதலை பெற்றபோது, முதல் குடியரசுத் தலைவராக ஏற்றுக்கொண்டது லெயோபோல் செதார் செங்கோர் என்ற கத்தோலிக்கக் கவிஞரை. அவர் இருபது ஆண்டு ஆண்டார். 1962இல் அவருக்கும் முஸ்லிமான பிரதமர் மமது தியாவுக்கும் அதிகாரப் போட்டி முற்றியபோது, முரீத் சூஃபிகளின் கலீஃபா ஃபாலிலு ம்பாக்கே செங்கோர் பக்கம் நின்றார். 1980 இறுதியில் செங்கோர் தாமாகவே பதவி விலகினார். அடுத்து வந்த அப்து தியூஃப் முஸ்லிம், அவர் மனைவி கத்தோலிக்கர். செங்கோர் பிறந்த ஜோவால் ஊரை ஒட்டி, கிளிஞ்சல் குவிந்து உருவான ஃபாதியூத் என்ற சிறு தீவு இருக்கிறது. அங்கே இடுகாடு ஒன்றுதான். சிலுவை நட்ட கல்லறைகளும் முஸ்லிம்களின் கல்லறைகளும் ஒரே கிளிஞ்சல் மேட்டில் இருக்கின்றன. புனித வெள்ளியன்று கிறித்தவ வீடுகளில் கம்பும் நிலக்கடலையும் பெருக்கமரத்துப் பழமும் சேர்த்து ‘ங்கலாஹ்’ செய்து முஸ்லிம் வீடுகளுக்குக் கொடுத்தனுப்புகிறார்கள். தியாகத் திருநாளான தபாஸ்கியன்று முஸ்லிம் வீட்டு ஆட்டிறைச்சி கிறித்தவ வீட்டுக்குப் போகிறது.

இதைச் ‘சகிப்புத்தன்மை’ என்று சொன்னால் பொருந்தாது. சகிப்பது என்றால் பிடிக்காததைப் பொறுத்துக்கொள்வது. இங்கே நடப்பது உறவுமுறை. செனகலில் ஒருவர் முஸ்லிம் அல்லது கிறித்தவர் மட்டுமல்லர். அவர் ஓர் இனத்தவர், ஒரு குலப்பெயருக்கு உரியவர், ஒரு பெரிய குடும்பத்தின் கிளை. ஒரே குலப்பெயரில் முஸ்லிமும் இருப்பார், கத்தோலிக்கரும் இருப்பார். செங்கோர் பிறந்த செரேர் இனத்தில் இது சர்வ சாதாரணம். அதற்கும் மேலாக, அங்கே கேலி முறை என்று ஓர் ஏற்பாடு உண்டு. செரேர்காரரும் ஜோலாக்காரரும் சந்தித்தால், முன்பின் அறியாதவரானாலும், ஒருவரை ஒருவர் ‘என் அடிமை’ என்றும் ‘சோற்றுக்கு அலைபவன்’ என்றும் சீண்டிக்கொள்ளலாம், கோபப்படக் கூடாது. நியாய், ஜோப் என்ற குலப்பெயர்க்காரர்களுக்குள்ளும் இதே முறை. நம் மாமன் மச்சான் கேலியைப் போன்றதுதான், ஆனால் இனங்களுக்கிடையே கட்டிய பாலம். நாள்தோறும் சிரித்துச் சிரித்துப் பழகிய ஒருவரைத் திடீரென்று ‘வேற்று மதத்தான்’ என்று மட்டும் பார்ப்பது கடினம். சமயம் அங்கே ஒரு மனிதரின் ஆழமான முகவரி; ஒரே முகவரி அல்ல.

உறவுமுறை ஒரு பாதி என்றால், நம்பிக்கை திரும்பிய திசை மறுபாதி. செனகலின் இஸ்லாம் பெரும்பாலும் சூஃபி வழிகளில் வளர்ந்தது: திஜானி, முரீத், நாகூர்ப் பக்கத்திலும் பலர் அறிந்த காதிரி, கடலோர லெபு மக்களிடையே 1880களில் தோன்றிய லாயென். அமது பம்பாவைப் பிரெஞ்சு அரசு ஐயுற்று 1895இல் காபோனுக்கு நாடு கடத்தியது. 1902இல்தான் திரும்ப விட்டது. பின்னர் மொரித்தானியாவுக்கும் அனுப்பியது. அவர் படை திரட்டவில்லை. போர் தொடுக்க வேண்டியது தன் ஆணவத்தின் மீது என்றார்; தொழுகையையும் உழைப்பையும் போதித்தார். மகால் திருநாள் அவர் நாடு கடத்தப்பட்ட நாளைத்தான் நினைவுகூர்கிறது, அதுவும் நன்றி செலுத்தும் நாளாக. இழிவுபடுத்தப்பட்ட நாளைப் பழிவாங்கும் நாளாக்காமல் இறைவனுக்கு நன்றி சொல்லும் நாளாக்குவதற்குக் குறைந்த பக்தி போதாது. மிகுந்த பக்தி வேண்டும். பற்றின் அளவு பகையைத் தீர்மானிப்பதில்லை, அது பாயும் திசையே தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இதற்கு முதல் மறுப்பு எளிதில் எழும்: சிறுபான்மை மிகச் சிறியது, அதனால் பெரும்பான்மைக்கு அச்சமில்லை, அச்சமில்லாதவர் தாராளமாக இருப்பதில் என்ன பெருமை? ஆனால் மிகப் பெரிய பெரும்பான்மை தன் சின்னஞ்சிறு சிறுபான்மையை நசுக்கிய கதைகள் உலகில் ஏராளம். எண்ணிக்கை ஒருவருக்குத் தீங்கிழைக்கும் வலுவையே தருகிறது. அந்த வலுவை ஏன் பயன்படுத்தவில்லை என்பதற்கு எண்ணிக்கை விடை சொல்லாது. இரண்டாவது மறுப்பு கனமானது. இந்த நல்லிணக்கம் அரசியல் பேரம்தானே என்று கேட்பார்கள். நிலக்கடலைச் சாகுபடியை நம்பியிருந்த பிரெஞ்சு ஆட்சிக்கு, உழவர்களைக் கையில் வைத்திருந்த மராபூக்கள் எனப்படும் சமயத் தலைவர்கள் தேவைப்பட்டார்கள். செங்கோருக்கும் அவர்களுடைய ஆதரவு தேவைப்பட்டது. இது உண்மை. ஆனால் பேரம் தலைவர்களுக்கிடையே நடந்தது. ங்கலாஹ் கிண்ணம் போவது அடுத்த வீட்டுக்கு. 1988 தேர்தலில் முரீத் கலீஃபா அப்துல் அஹத் ம்பாக்கே வெளிப்படையாகவே தியூஃபுக்கு வாக்களிக்கச் சொன்னார். பின்வந்தவர்கள் அந்த வழியை விட்டு ஒதுங்கினார்கள். 2000இல் மக்கள் வாக்கால் தியூஃப் தோற்றார், அமைதியாக வெளியேறினார். குருவுக்குத் தலைவணங்கும் மக்களே வாக்குச்சீட்டைத் தம் கையில் வைத்துக்கொண்டார்கள்.

செனகலிலும் வன்முறையும் கொடுமையும் உண்டே என்ற மூன்றாவது மறுப்பை முழுதாக மறுக்க முடியாது. தெற்கே காசமான்ஸ் பகுதியில் 1982இல் தொடங்கிய பிரிவினைப் போராட்டம் பல ஆயிரம் உயிர்களைப் பலிகொண்டது. அதை முன்னின்று நடத்தியவர் அகுஸ்தேன் ஜமகூன் செங்கோர் என்ற கத்தோலிக்கப் பாதிரியார். ஆயினும் அது மதப் போராக மாறவில்லை. நிலமும் புறக்கணிப்பும்தான் அதன் வேர், இரு சமயத்தாரும் அதில் இருந்தார்கள். உறவு மதச் சண்டையைத் தடுக்கலாம், அநீதியைத் தடுத்துவிடாது என்பதே இதன் பாடம். குர்ஆன் பள்ளிகளின் பெயரால் தலிபே எனப்படும் மாணவச் சிறுவர்கள் தகரக் குவளையேந்தித் தெருவில் பிச்சையெடுக்கும் கொடுமை அதையே இன்னும் உரக்கச் சொல்கிறது. பிச்சையெடுக்க வைப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 2005இல் வந்தும், குருமாருக்குக் காட்டும் மரியாதை அதிகாரிகளின் கையைக் கட்டிப்போடுகிறது. இணக்கம் கெடக் கூடாது என்ற கவலை குழந்தையின் பசியைப் பார்க்காமல் விடும்போது, அது இணக்கமே அல்ல. செனகலின் பெருமையைப் பேசுபவர் இந்தக் குறையையும் பேசக் கடமைப்பட்டவர்.

இவ்வளவையும் எடை போட்டுப் பார்த்தால் தொடக்கக் கேள்விக்கு விடை கிடைக்கிறது. அமைதிக்காகப் பக்தியைத் தணிக்க வேண்டியதில்லை. தணிக்க வேண்டியது, சமயம் ஒன்றே மனிதரின் முழு அடையாளம் என்ற பேராசையை. நம்பிக்கை உள்ளே எவ்வளவு ஆழமாகவும் இறங்கட்டும். வெளியே சோறும் சிரிப்பும் சொந்தமும் இடுகாடும் எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும். இந்த வழக்கங்களைச் சட்டம் காக்கலாம், ஆனால் உண்டாக்க முடியாது; ஒவ்வொரு தலைமுறையும் பக்கத்து வீட்டுக்குக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு நடந்தால்தான் அவை உயிர் வாழும். அந்த நடையை நிறுத்திவிடாதீர்கள்.