தேனில் விழாத ஈ!

கோயிலில் சர்க்கரைப் பொங்கல் தருகிறார்கள். வரிசையில் நின்று கையை நீட்டுகிறீர்கள். அந்த நேரம் பார்த்து, ‘இனிமேல் இனிப்பைக் குறைச்சுக்கணும்மா!’ என்று டாக்டர் சொன்னது நினைவுக்கு வருகிறது. நீட்டிய கையை இழுத்துக்கொண்டால் தெய்வக் குற்றமாகிவிடுமோ? வாங்கிச் சாப்பிட்டுவிட்டால் உடம்புக்குக் கெடுதலாகிவிடுமோ?

இன்று எத்தனையோ சகோதரிகளின் மனதில் இந்தக் குழப்பம் இருக்கிறது. சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 10 கோடி பேர். அதன் வாசற்படியில் நிற்பவர்கள் இன்னும் 13 கோடிக்கும் மேல்! சர்க்கரை நோய்க்கு இனிப்பு மட்டுமே காரணம் அல்ல. பரம்பரை, உடல் எடை, உழைப்பின்மை என்று பல காரணங்கள் உண்டு. ஆனால், ‘இனிப்பைக் குறையுங்கள்’ என்று சொன்ன பிறகும் குறைக்க முடியாமல் தவிக்கிறோமே, அது ஏன்? நோயே இல்லாதவர்கள்கூட மாலை நாலு மணியானால் அலமாரியில் உள்ள டப்பாவைத் தேடிப் போகிறோமே, அது ஏன்?

நா கேட்கிறதா, நாம் கேட்கிறோமா? இனிப்பை நாம் சாப்பிடுகிறோமா, இனிப்பு நம்மைச் சாப்பிடுகிறதா? கொஞ்சம் யோசிப்போம்.

மதுரமான காளி

திருச்சி மாவட்டத்தில், காவிரியின் வடகரையில் இருக்கிறது தொட்டியம். வாழைத் தோட்டமும் வெற்றிலைக் கொடிக்காலும் கோரையுமாகப் பச்சைப் பசேலென்ற ஊர். இங்கே அருள்பாலிப்பவள் மதுரகாளியம்மன். பங்குனித் திருவிழாவில் இவளுடைய தேரைப் பக்தர்கள் தோளிலேயே சுமந்து வருவார்கள். மதுரையோடு சேர்த்து இவள் பெயருக்கு விளக்கம் சொல்பவர்கள் உண்டு. ‘மதுரம்’ என்றால் இனிமை என்பதும் நமக்குத் தெரியும். உக்கிரமான காளியின் பெயரிலேயே இனிமை!

ஆக, இனிப்பு என்பது பாவம் அல்ல. அபிஷேகத்துக்குத் தேன், நைவேத்தியத்துக்கு வெல்லம், கல்யாணத்துக்குக் கற்கண்டு என்று நம் வாழ்க்கையின் நல்ல காரியங்கள் எல்லாமே இனிப்போடுதான் தொடங்குகின்றன. பிறகு, குற்றம் எங்கே இருக்கிறது?

அதற்குப் பதில் சொல்ல ஓர் ஈ காத்திருக்கிறது. தொட்டியத்திலிருந்து முசிறிக்குப் போகும் வழியில் திருஈங்கோய்மலை என்ற பாடல் பெற்ற தலம். சுவாமி மரகதாசலேஸ்வரர், அம்பாள் மரகதாம்பிகை. ஈசனைத் தரிசிக்க அகத்தியர் இங்கே வந்தபோது நடை அடைத்திருந்ததாம். முனிவர் திரும்பிப் போக மனமில்லாமல் ஓர் ஈயாக உருமாறி, உள்ளே பறந்து சென்று தரிசித்தாராம். அதனால்தான் இந்த மலைக்கு ஈங்கோய்மலை என்று பெயர் வந்தது என்கிறது தலபுராணம்.

மாமுனிவரே எடுத்த அந்த வடிவத்தை நினைத்தபடி, நம் வீட்டு ஈயையும் பாருங்கள். தேன் கிண்ணத்தின் விளிம்பில் உட்காரும் ஈ, கொஞ்சம் ருசித்துவிட்டுப் பறந்துவிடுகிறது. நடுவில் போய் விழும் ஈக்கு இறக்கை ஒட்டிக்கொள்கிறது. இரண்டு ஈக்கும் ஒரே தேன்தான். தேனில் குற்றம் இல்லை. எங்கே உட்கார்ந்தோம், எப்போது எழுந்தோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

அளவு எங்கே போனது?

கரும்பைக் கடித்துத் தின்று பாருங்கள். இரண்டு கணு தின்பதற்குள் தாடை வலிக்கும், ‘போதும்’ என்று வாயே சொல்லிவிடும். இறைவன் கரும்புக்குள்ளேயே அளவையும் வைத்துத்தான் படைத்திருக்கிறான். தொட்டியத்து வாழைப்பழமும் அப்படியே. இனிப்போடு நாரும் சேர்ந்து வருவதால், இரண்டாவது பழத்தில் வயிறு நிறைந்துவிடும். ஆலையில் பிழிந்து, காய்ச்சி, வெளுத்து எடுக்கும்போது நார் போய்விடுகிறது, கூடவே அந்த அளவும் போய்விடுகிறது. மிஞ்சுவது இனிப்பு மட்டுமே. ‘சர்க்கரா’ என்ற சம்ஸ்கிருதச் சொல்லுக்குச் சிறு கல், பருக்கை என்று பொருள். உலக மொழிகள் பலவற்றில் சர்க்கரைக்கு உள்ள பெயர் இந்தச் சொல்லிலிருந்து பிறந்ததே. பொடிக்கல் போன்ற அந்தப் பருக்கைதான் இன்று நம் காபியில், பிஸ்கட்டில், ஜூஸ் பாக்கெட்டில், குழந்தைகளின் சத்து மாவில் எல்லாம் ஒளிந்து உட்கார்ந்திருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2015-ல் ஓர் அளவு சொன்னது. நாம் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை, ஒரு நாள் உணவுச் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. அதில் பாதியாக, அதாவது சுமார் 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. 25 கிராம் என்பது ஏறக்குறைய 6 டீஸ்பூன். காலையில், பதினோரு மணிக்கு, மாலையில் என்று மூன்று வேளை காபி. வேளைக்கு இரண்டு ஸ்பூன். அவ்வளவுதான், கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது! வெல்லமும் தேனும் கரும்புச் சர்க்கரையும் இந்தக் கணக்கில்தான் வரும். வெல்லத்தில் கொஞ்சம் தாது உப்புகள் உண்டு என்பது உண்மை. ஆனாலும் அதில் பெரும்பகுதி சர்க்கரைதான். ‘வெல்லம்தானே, ஒன்றும் செய்யாது’ என்று நாமே நமக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

எலி சொன்ன விரத ரகசியம்

‘இனிப்புக்கு அடிமையாவது’ என்பது நிஜம்தானா? விஞ்ஞானிகளிடையே இதில் ஒருமித்த கருத்து இல்லை. மனநல மருத்துவர்கள் பின்பற்றும் நோய்ப் பட்டியலில் மதுவும் புகையிலையும் உண்டு, சர்க்கரை இல்லை. ஆனால், இனிப்பைச் சாப்பிடும்போது மூளையில் ‘டோபமைன்’ என்ற பொருள் சுரந்து, ‘நன்றாக இருக்கிறது, மறுபடியும் கொண்டு வா’ என்று சொல்வதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள்.

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 2000-களில் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சில எலிகளுக்குத் தினமும் 12 மணி நேரம் முழுப் பட்டினி. பிறகு 12 மணி நேரம் தீனியும் சர்க்கரைத் தண்ணீரும். நாளாக நாளாக அவை சர்க்கரைத் தண்ணீரின் மேல் வெறியோடு பாய்ந்தன. நிறுத்தியபோது பற்கள் கிட்டின, பதற்றம் வந்தது. நாள் முழுவதும் சர்க்கரைத் தண்ணீர் கிடைத்த எலிகளுக்கோ இந்த வெறி வரவில்லை.

எலி வேறு, மனிதர் வேறுதான். இருந்தாலும் விரதம் இருக்கும் சகோதரிகள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். வெள்ளிக்கிழமையோ சஷ்டியோ, பகல் முழுவதும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்துவிட்டு, ராத்திரி விளக்கேற்றியதும் இரண்டு டம்ளர் பாயசத்தில் விரதத்தை முடிக்கிறோம் அல்லவா? நாவை அடக்குவதற்காக ஏற்பட்ட விரதமே நாவுக்கு வெறியை ஏற்றிவிடலாம்! அதிகம் உண்பவனுக்கும் யோகம் இல்லை, அறவே உண்ணாதவனுக்கும் யோகம் இல்லை என்று கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் கண்ணன் சொல்வதும் இந்த நடுவழியைத்தான்.

அம்பாளின் விரதமும் பெருமாளின் பத்தியமும்

அந்த நடுவழியை நமக்குக் காட்டுபவள் சமயபுரத்தாள். மாசி கடைசி ஞாயிறு முதல் பங்குனி கடைசி ஞாயிறு வரை 28 நாட்கள், உலக நன்மைக்காக அம்மனே பச்சைப் பட்டினி விரதம் இருக்கிறாள். அந்த நாட்களில் சமைத்த தளிகை கிடையாது. துள்ளு மாவு, நீர்மோர், பானகம், இளநீர், பழம்... அவ்வளவுதான். அறவே பட்டினியும் இல்லை, விருந்தும் இல்லை. துள்ளு மாவிலும் பானகத்திலும் இனிப்பு உண்டு. ஆனால், அது ஓர் எல்லைக்குள் நிற்கிறது.

ஸ்ரீரங்கத்துக்கு வாருங்கள். ஒருநாள் ராமானுஜர் அரங்கனைச் சேவிக்கும்போது, திருமுகம் வாடியிருப்பதாக அவருக்குத் தோன்றியதாம். ‘நேற்று என்ன அமுது செய்வித்தீர்கள்?’ என்று விசாரித்தார். தயிர்சாதமும் நாவல்பழமும் என்று பதில் வந்தது. இரண்டும் சேராதே என்று பதறிய ராமானுஜர், தன்வந்திரி பகவானைப் பிரார்த்தித்து, பெருமாளுக்குக் கஷாயம் சமர்ப்பிக்க ஏற்பாடு செய்தாராம். அங்கே தன்வந்திரி சன்னிதியைச் சேவிக்கும்போது பெரியவர்கள் சொல்லும் வரலாறு இது.

யோசித்துப் பாருங்கள். உலகத்தையே உண்டு உமிழ்ந்த பெருமாளுக்கே பத்தியம்! அதை யாராவது அபசாரம் என்றார்களா? அன்பு என்றுதான் சொன்னார்கள். அப்படியானால், அதே பெருமாள் குடியிருக்கும் இந்த உடம்புக்கு நீங்கள் பத்தியம் பார்ப்பது எப்படித் தெய்வக் குற்றமாகும்?

மலைக்கோட்டையில் விநாயகர் சதுர்த்தியன்று மாணிக்க விநாயகருக்கும் உச்சிப் பிள்ளையாருக்கும் 75 கிலோ வீதம் 150 கிலோ கொழுக்கட்டை படைப்பார்கள். அத்தனையும் ஒருவர் சாப்பிடுவதற்கா? ஊரே பகிர்ந்துகொள்வதற்கு! ஆளுக்குக் கிடைப்பது ஒரு விள்ளல். பிரசாதத்தின் இலக்கணமே அதுதான். அதற்கு ஒரு நாள் உண்டு, ஒரு காரணம் உண்டு, பங்கு உண்டு, அளவு உண்டு. அந்த நான்கும் இல்லாமல், பிற்பகலில் தனியாக நின்றுகொண்டு டப்பாவிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்வது பிரசாதம் ஆகாது.

எனவே, பிரசாதத்தை மறுக்க வேண்டாம். இரண்டு கையாலும் வாங்குங்கள். கண்ணில் ஒற்றிக்கொள்ளுங்கள். ஒரு பருக்கையை வாயில் போட்டுக்கொண்டு, மிச்சத்தைப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுங்கள். பருக்கையிலும் அருள் முழுசாகத்தான் இருக்கிறது. ஆனால், தொன்னை நிறையச் சாப்பிட்டுவிட்டு, ‘சாமி பிரசாதம் ஒன்றும் செய்யாது’ என்று சொல்லாதீர்கள். அது பக்தியின் பேரில் நாக்கு சொல்லும் சாக்கு.

வீட்டில் என்ன செய்யலாம்?

சமயபுரத்தாளை வேண்டிக்கொண்டு, நீங்களும் 28 நாள் ஒரு சங்கல்பம் செய்துகொள்ளுங்கள். இனிப்பையே நினைக்க மாட்டேன் என்று அல்ல, அதை அதன் இடத்தில் வைப்பேன் என்று.

* காபியில் இரண்டு ஸ்பூன் போடுபவர்கள் முதல் வாரம் ஒன்றரை, அடுத்த வாரம் ஒன்று என்று இறங்குங்கள். முதல் சில நாட்கள் தலைவலி, எரிச்சல் வரலாம். வந்தால் பயப்படாதீர்கள், போய்விடும்.

* விரதத்தை இனிப்பில் முடிக்காதீர்கள். நீர்மோர், சுண்டல், பிறகு சாப்பாடு, கடைசியில் ஒரு கரண்டி பாயசம். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் பட்டினி கிடக்கவே கூடாது. சர்க்கரை திடீரென்று இறங்கிவிட்டால் ஆபத்து. அப்போது டாக்டர் சொன்னபடி உடனே இனிப்பு எடுத்துக்கொள்வதுதான் மருந்து.

* குழந்தைகள் தட்டில் மிஞ்சிய கேசரி வீணாகிறதே என்று வாயில் போட்டுக்கொள்ளாதீர்கள். அன்னத்தை வீணாக்கக் கூடாதுதான். அதற்கு வழி, முதலிலேயே குறைவாகக் கிளறுவது. உங்கள் வயிறு குப்பைத்தொட்டி அல்லவே!

* ஆசை அலை மாதிரி. எழும்பும், பிறகு தானே தணியும். டப்பாவைத் திறக்கும் முன்பு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, 108 முறை இஷ்ட தெய்வத்தின் நாமத்தைச் சொல்லிப் பாருங்கள். பல நாள் அது பசியாக இருக்காது. அலுப்பாக இருக்கும், தனிமையாக இருக்கும், யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்ற குறையாக இருக்கும். அதற்கு மருந்து மைசூர்பாகில் இல்லை. அக்காவுக்கோ தோழிக்கோ ஒரு போன் செய்யுங்கள்.

* அன்பைக் காட்ட இனிப்பு ஒன்றே வழி என்று குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுத்துவிடாதீர்கள். ‘சமர்த்தாக இருந்தால் சாக்லேட்’ என்று நாம் இன்று சொல்வதைத்தான், நாளை மனசு சரியில்லாதபோது அவர்களின் நாக்கு திருப்பிச் சொல்லும்.

நடுவில் ஒருநாள் தவறிவிட்டால்? கல்யாண வீட்டில் இரண்டு ஜாங்கிரி உள்ளே போய்விட்டால்? ‘எல்லாம் கெட்டுவிட்டது, இனி எதற்கு?’ என்று மூன்றாவதை எடுக்காதீர்கள். அந்தக் குற்ற உணர்ச்சிதான் இறக்கையை ஒட்டவைக்கும் தேன். அவதூதருக்கு மீனும் ஒரு குரு என்கிறது பாகவதம். நாக்கின் ருசிக்காகத் தூண்டிலில் சிக்கும் மீன்! ஆனால், மீனுக்கு இல்லாத ஒன்று நமக்கு இருக்கிறது. மறுநாள் காலை மீண்டும் விளக்கேற்றி, மீண்டும் சங்கல்பம் செய்ய முடியும். எத்தனை தடவை தவறினாலும் கோயில் கதவு திறந்துதானே இருக்கிறது!

28 நாள் முடிந்த பிறகும் தொடருங்கள். 2016-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மூன்று மாதம் சர்க்கரையைக் குறைத்தவர்களுக்கு, அதே அளவு சர்க்கரை போட்ட பண்டம் முன்பைவிட அதிகமாக இனித்தது. கவனித்தீர்களா? இனிப்பைக் குறைத்ததால் இனிமை குறையவில்லை, கூடிவிட்டது! இத்தனை நாளும் அள்ளி அள்ளிப் போட்டதில் மரத்துப் போயிருந்தது நம் நாக்குதான்.

நாக்கு தெளிந்துவிட்டால், பாலின் இயல்பான இனிப்பு தெரியும். பூவன் பழத்தின் இனிப்பு தெரியும். ஒரே ஒரு பருக்கை சர்க்கரைப் பொங்கல் நாவெல்லாம் இனிக்கும். விளிம்பில் உட்கார்ந்து, ருசித்து, நன்றி சொல்லி, பறந்துவிடத் தெரிந்த ஈக்குத் தேன் என்றைக்கும் தேன்தான்.

மதுரமானவளே காளியாகவும் நிற்கிறாள். ஒரு கையால் இனிமையைக் கொடுத்து, மறு கையால் ‘போதும்’ என்று தடுப்பதும் அந்தத் தாய்தான். கொடுத்ததை வாங்கிக்கொள்வது எப்படி பக்தியோ, ‘போதும்’ என்றதும் நிறுத்திக்கொள்வதும் அப்படியே பக்தி. அந்த மன உறுதியை உங்களுக்கும் உங்கள் குடும்பத்துக்கும் மதுரகாளி அருளட்டும்!