வண்டியில் ஒட்டிய பெயர்

ஒரு பொருளின்மேல் ஒட்டிய பெயரை நீக்கினால் அப்பெயரைப் பற்றி நின்ற குற்றமும் நீங்குமோ என்பது பழைய வினா. இந்நாளில் அது பள்ளிப் பிள்ளைகளின் மிதிவண்டியில் ஏறி நம்மிடம் வந்திருக்கின்றது.

2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நாங்குநேரியில், பள்ளி மாணவர் சிலர் தம்மோடு பயின்ற ஒடுக்கப்பட்ட குலத்து மாணவன் ஒருவனை வீடு புகுந்து வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் வெட்டுண்டாள். அவ்வூர் நமக்குத் தொலைவன்று. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாய்த் திருநெல்வேலி செல்லும் இருப்புப்பாதையிலேயே உள்ளது. அதன்பின் தமிழ்நாட்டரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்களின் ஒருநபர்க் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. மாணவர் கையில் வண்ணக் கயிறும், மோதிரமும், நெற்றிக் குறியும் கூடா என்றதோடு, குலத்தின் வண்ணம் தீட்டிய மிதிவண்டியும் குல உணர்வைக் காட்டும் மிதிவண்டியும் பள்ளிக்கு வரலாகாது என அது பரிந்துரைத்தது. 2001-ஆம் ஆண்டு தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவியர்க்கெனத் தொடங்கிப் பின்னர்ப் பிறர்க்கும் விரிந்தது அவ்வரசின் இலவச மிதிவண்டித் திட்டம். ஏழைப் பிள்ளை பள்ளிக்கு நடந்து களைக்கலாகாது என்று தந்த வண்டியின்மேல் குலத்தையும் ஏற்றி மிதிக்கின்றோம்!

ஒட்டை எடுப்பது எப்படி? கத்தியால் சுரண்டுகின்றவன் பெயரோடு பெயிண்டையும் எடுத்துவிடுகின்றான். அவ்விடத்தில் இரும்பு வெளிப்படும். இந்நகரத்துக் கடற்காற்றும் இடவப்பாதி மழையும் சேர்ந்தால் துருவுக்கு வேறென்ன வேண்டும்? தொழிலறிந்தவன் வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றுகின்றான், அன்றி வெயிலில் நிறுத்துகின்றான். பசை இளகியபின் நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பி, சட்டத்தோடு படிய மடக்கி, மெல்ல இழுக்கின்றான். எஞ்சிய பிசுக்கின்மேல் தேங்காயெண்ணெயோ மண்ணெண்ணெயோ தடவிச் சற்றுப் பொறுத்துத் துடைத்து, சோப்பு நீரால் கழுவுகின்றான். வார்னிஷின் அடியில் கிடக்கும் படம் எண்ணெய்க்கு இணங்காது. மேற்பூச்சைத் தேய்த்தெடுத்தால்தான் அது வரும்.

இத்தனையும் செய்தபின் ஒன்று காணலாம். பல்லாண்டு வெயில் பட்ட பெயிண்டு வெளுத்திருக்கும். ஒட்டு மூடியிருந்த இடம் வெளுக்காமல் நிற்கும். பெயர் போயிற்று, பெயரின் வடிவம் போகவில்லை. முன்னர்ப் படித்தவன் இப்போதும் படிப்பான்.

இதனைக் காட்டி, ‘நெஞ்சிலுள்ள குலம் நிற்க, வண்டியிலுள்ளதை நீக்கி யாது பயன்?’ என்பார் உளர். நாம் அதற்கு இசையோம். ஒட்டுச் சின்னம் உள்ளே இருப்பதை வெளியே காட்டுவதோடு நிற்பதில்லை. அது தன்னைச் சார்ந்தாரைக் கூவி அழைக்கின்றது, சாராதாரை மிரட்டுகின்றது. வண்டி நிறுத்துமிடத்தில் ஒரே வண்ணத்து வண்டிகள் முப்பது வரிசையாய் நின்றால் அது வண்டி நிறுத்துமிடமன்று, பாசறை. சின்னத்தை நீக்குவது ஒரு செயலை நிறுத்துவது. வெளுக்காத நிழல் எவரையும் அழைப்பதில்லை. எண்ணத்தை மாற்றுவது வேறு வேலை. அது இதனினும் கடிது, ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் உரியது.

நாகசேனர் மிலிந்த மன்னனிடம் தேரை உறுப்புறுப்பாய்ப் பிரித்து வினவியதை நம் அன்பர் அறிவர், ஆதலின் விரிக்கவில்லை. அச்சும் சக்கரமும் தேரன்று எனின், சக்கரத்துக்கு மேலே ஒட்டிய தாள் எங்ஙனம் வண்டியாகும்? ஆலையில் துணியின் முனையில் குத்தும் முத்திரை சலவையில் போய்விடும். அதற்காக அழுதவரை நாம் கண்டதில்லை.

இனி, கடினமான இடத்துக்கு வருவோம். நம் பிள்ளைகளும் வண்டியில் நீல வண்ணமும் பாபாசாகேபின் படமும் ஒட்டியிருக்கின்றனரே, அவற்றையும் எடுக்க வேண்டுமோ என அன்பர் சிலர் மனம் வருந்தி வினவுகின்றனர். இரண்டும் ஒன்றென நாம் கூறமாட்டோம். ‘இவ்வழி உனக்கில்லை’ என்பது ஒரு சின்னம். ‘இவ்வழி எனக்கும் உண்டு’ என்பது மற்றொரு சின்னம். வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி 1893-ஆம் ஆண்டு வில்வண்டி வாங்கி, மாடுகளின் கழுத்தில் மணி கட்டி, தம் மக்களுக்கு மறுக்கப்பட்ட பொதுவழியில் ஓட்டினார். அம்மணியோசையும் ஒரு சின்னமே. அதைக் கழற்றிவிட்டு அமைதியாய்ச் செல்லும்படி அவருக்கு எவர் கூறியிருப்பினும் அது அநீதி. இன்று அவர் சிலை வெள்ளயம்பலத்தில் நிற்கின்றது.

ஆயினும் பள்ளி வாயிலில் நம் பிள்ளையும் எடுக்கட்டும் என்றே நாம் கூறுவோம். சின்னத்தின் பொருளை நிறுத்துப் பார்த்து ஒன்றை விடவும் ஒன்றைத் தடுக்கவும் வாயிற்காவலனால் ஆகாது. நம்முடையதை விட்டால், ‘எங்களுடையதும் பெருமைதான்’ என்று மற்றவன் வாதிடுவான். அப்போட்டி முற்றினால் முதலில் வெட்டுண்பது எவர் பிள்ளை என்பதை நாங்குநேரி காட்டிற்று. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. எல்லா வண்டிகளும் ஒரே நாளில் துடைக்கப்பட வேண்டும். நம் பிள்ளையின் வண்டி மட்டும் துடைக்கப்பட்டால், பெற்றோர் அன்றே தலைமையாசிரியர் முன் சென்று நின்று கேட்க வேண்டும். நீருக்கும் இருக்கைக்கும் இன்னும் வேறுபாடு காட்டும் பள்ளியாயின், அங்கே மணி ஒலிக்கத்தான் வேண்டும்.

மற்றொன்றும் இதனோடு சேர்ந்தது. மிதிகட்டை பூட்டும் இடத்தின் அடியிலோ இருக்கைக் குழாயிலோ எண் ஒன்று இரும்பிலேயே குத்தப்பட்டிருக்கும். அதை அராவி அழிப்பவன் திருடன். வண்டி எவருடையது, எவரிடமிருந்து போயிற்று என்பதற்கு அவ்வெண்ணே சான்று. தம்மம் தழுவியபின்னும் சான்றிதழில் பழைய குலப்பெயர் எதற்கென்று நாணுகின்ற அன்பர் இதை எண்ணிப் பார்க்க. 1950-ஆம் ஆண்டு ஆணை இந்துக்களுக்கே பெரிதும் இடந்தந்தது; 1956-இல் சீக்கியரும், 1990-இல் பௌத்தரும் அதில் சேர்க்கப்பட்டனர். நாகபுரித் தீக்கைக்கும் அத்திருத்தத்துக்கும் இடையே முப்பத்துநான்கு ஆண்டுகள்! அவ்வளவு காலம் போராடிப் பெற்றதை நாணத்தால் விடுவதோ? அப்பெயர் நம் பெருமையுமன்று, நம் இழிவுமன்று. நம்மிடமிருந்து எடுக்கப்பட்டதற்குக் கணக்கு. அது பெட்டியில் இருக்கட்டும், ஹேண்டில்பாரில் வேண்டா. அலுவலகத்தில் எவரேனும் ‘பௌத்தர்க்கு இது உண்டோ?’ என ஐயுற்றால், 1990-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் படியொன்றை அமைதியாய் எடுத்து மேசைமேல் வைக்க.