ஆற்றில் ஊற்றிய நஞ்சுக்கு யார் பொறுப்பு?

2019 மார்ச் மாதத் தொடக்கத்தில் மலேசியாவின் ஜொகூர் மாநிலம் பாசிர் கூடாங்கில் ஓடும் கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவு கள்ளத்தனமாகக் கொட்டப்பட்டது. மார்ச் 7ஆம் தேதி, ஆற்றை ஒட்டிய பாசிர் பூத்தே பகுதிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மூச்சுத் திணறியது. குமட்டலும் மயக்கமும் வந்தன. மார்ச் 11ஆம் தேதி இரண்டாவது அலை எழுந்தது. 13ஆம் தேதி அவ்வட்டாரத்தின் 111 பள்ளிகளையும் மூட உத்தரவு வந்தது. பென்சீன், டொலுயீன், சைலீன் போன்ற நச்சுப் பொருள்கள் காற்றில் கலந்திருந்தன. ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை நாடினர். மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டவர்கள் மட்டும் 2,700க்கு மேல்.

பிறகு சிலர் மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. அது நடக்க வேண்டியதுதான். ஆனால் வழக்கோடு கணக்குத் தீர்ந்துவிடுமா என்பதே இங்கே கேட்க வேண்டிய கேள்வி. ஒரு கழிவு ஆற்றை அடையும் முன் பல கைகளைக் கடக்கிறது. உற்பத்தி செய்த ஆலை, முறையாக அப்புறப்படுத்தும் செலவை மிச்சம் பிடிக்க நினைத்தவர், லாரி ஓட்டியவர், கண்காணிக்க வேண்டிய அதிகாரி, ஆலைகளுக்கு அருகிலேயே வீடுகளும் பள்ளிகளும் எழ அனுமதித்த திட்டமிடல், மலிவான சரக்கை மட்டும் தேடிய சந்தை. ஒவ்வொருவரும் தம் பங்கு சிறியது என்று சொல்லலாம்; அது பொய்யும் இல்லை. பிள்ளைகள் சுவாசித்த நஞ்சு மட்டும் சிறியதாக இல்லை.

இருபதாம் நூற்றாண்டின் ஐரோப்பியச் சிந்தனை இதே முடிச்சை அவிழ்க்கத்தான் போராடியது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி தோற்றபின், 1945-46 குளிர்காலத்தில் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் மெய்யியலாளர் கார்ல் யாஸ்பர்ஸ் ஆற்றிய உரைகள் 1946இல் நூலாயின. யூத மனைவியைக் கைவிட மறுத்து 1937இல் பேராசிரியர் பதவியை இழந்தவர் அவர். குற்றத்தை அவர் நான்காகப் பிரித்தார். சட்டத்தை மீறிய குற்றம்: அதற்கு நீதிமன்றம். அரசியல் பொறுப்பு: தம் அரசு செய்ததன் விளைவைக் குடிமக்கள் அனைவரும் சுமக்க வேண்டும். அறக்குற்றம்: அதற்கு நீதிபதி அவரவர் மனசாட்சி. நான்காவது, சக மனிதனுக்கு இழைக்கப்பட்ட கொடுமையின்போது செய்யக்கூடியதைச் செய்யாமல் நின்றவனின் கடன். அதை எந்த நீதிமன்றமும் விசாரிக்க முடியாது. ஒரு வகைக் குற்றத்துக்குரிய நடுவரை இன்னொரு வகைக்கு அழைத்தால் தீர்ப்பு பிழைபடும் என்பது யாஸ்பர்ஸ் தந்த தெளிவு. கிம் கிம் விவகாரத்தில் நடந்ததும் அதுவே. முதல் வகைக்குத் தீர்ப்பு கிடைத்தால் மற்ற மூன்றும் தீர்ந்தன என்று சமூகம் ஆறுதல் கொள்கிறது.

யாஸ்பர்ஸின் மாணவி ஹன்னா ஆரெண்ட் இந்தப் பிரிவை மேலும் கூராக்கினார். குற்றம் தனி மனிதருடையது. அதைக் கூட்டத்தின் மேல் ஏற்றினால், எல்லோரும் குற்றவாளிகள் என்ற பேச்சுக்குள் உண்மையான குற்றவாளி ஒளிந்துகொள்வான். அதே சமயம் தான் செய்யாத ஒன்றுக்கும் ஒருவர் பொறுப்பேற்க வேண்டி வரும். ஒரு சமூகத்தின் உறுப்பினர் என்பதே அதற்குப் போதுமான காரணம். அலுவலகங்களும் படிவங்களும் முத்திரைகளும் நிறைந்த ஆட்சியில் கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆளே இருக்காது என்றும் அவர் எச்சரித்தார். கோப்பு மேசை மாறிக்கொண்டே இருக்கும். முடிவெடுத்தவர் என்று ஒருவரைச் சுட்ட முடியாது.

தமிழ் மரபு இந்தச் சிக்கலை எப்போதோ கண்டிருக்கிறது. சிலப்பதிகாரத்தில் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன்; வாளை வீசியவன் காவலன். ஆயினும் பாண்டியன் நெடுஞ்செழியன் அவர்களைக் கைகாட்டித் தப்பிக்கவில்லை. ஆராயாமல் ஆணையிட்ட வாய் தன்னுடையது என்பதால் தன்னையே கள்வனாக்கி உயிர் துறந்தான். திருட்டின் குற்றம் ஒருவனுக்கு, கோலின் பொறுப்பு இன்னொருவனுக்கு என்ற வேறுபாட்டை அந்தக் காட்சியைவிடத் தெளிவாகச் சொல்வது கடினம். மதுரையை எரித்த கண்ணகியின் கோபம்கூடக் குழந்தைகளையும் முதியோரையும் விலக்கியது. காற்றில் கலந்த நஞ்சுக்கு அந்த இரக்கம் கிடையாது. வேகமாக மூச்சு விடும் பிஞ்சு நுரையீரலைத்தான் அது முதலில் தேடிப் போகிறது.

இங்கேதான் சிந்தனையாளர் ஹான்ஸ் யோனாஸ் தேவைப்படுகிறார். 1903இல் பிறந்த அவர், ஆரெண்டைப் போலவே மெய்யியலாளர் ஹைடெக்கரிடம் பயின்றவர். 1933இல் ஜெர்மனியை விட்டு வெளியேறினார். அவருடைய தாய் அவுஷ்விட்சில் கொல்லப்பட்டார். பொறுப்பு என்னும் நெறியைப் பற்றி அவர் எழுதிய நூல் 1979இல் வெளிவந்தது. பழைய அறநூல்கள் எதிரே நிற்கும் மனிதனை மட்டும் நினைத்தன. இன்றைய தொழில்நுட்பமோ காணாத தொலைவையும் பிறவாத தலைமுறையையும் தொடுகிறது என்பது அவர் வாதம். ஆகவே, இனி வரும் மனித வாழ்வுக்கு ஊறு நேராதபடி செயல்படுவதை அவர் கட்டாயக் கடமையாக்கினார். பொறுப்புக்கு அவர் காட்டிய முதல் உருவம் பச்சிளங்குழந்தை. அது எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடவில்லை. கைமாறாகத் தர அதனிடம் ஒன்றுமில்லை. இருந்தும் அதன் மூச்சே அருகிலிருப்பவரைக் கடமைக்கு அழைக்கிறது.

இதற்கு வலுவான எதிர்வாதம் உண்டு. 1970களில் தொழிற்பேட்டையாக வளரத் தொடங்கி, 1977இல் துறைமுகம் கண்ட பாசிர் கூடாங், பல குடும்பங்களுக்குச் சோறு போட்ட ஊர். தோட்டப்புறத்தை விட்டு வந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் படித்து முன்னேற அந்தச் சம்பளம் உதவியது. வரக்கூடிய கேட்டைப் பற்றிய அச்சத்தையே வழிகாட்டியாகக் கொண்டால் எந்த ஆலையும் எழாது. வறுமையும் பிள்ளைகளைக் கொல்லும். யோனாஸுக்கு முன்பே, 1954 முதல் 1959 வரை மூன்று பாகங்களாக ஜெர்மன் சிந்தனையாளர் எர்ன்ஸ்ட் புளோக் நம்பிக்கையை ஒரு நெறியாக வைத்து எழுதினார். நாளையைக் கனவு காணாத சமூகம் இன்றைய அநீதியோடு சமரசம் செய்துகொள்ளும் என்பது அவருடைய பக்கத்து நியாயம்.

அந்த நியாயத்தை ஏற்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கு ஓர் எல்லை இருக்கிறது. தன் பணத்தை, தன் உழைப்பை, தன் உடலை ஒருவர் நம்பிக்கையின் பேரில் பணயம் வைக்கலாம். சம்மதம் கேட்கப்படாத பள்ளிப் பிள்ளையின் நுரையீரலைப் பணயம் வைக்க எந்த வளர்ச்சிக்கும் உரிமை கிடையாது. அபாயத்தின் லாபம் ஓரிடத்துக்கும் அதன் வலி வேறிடத்துக்கும் போகும்போது, அதற்கு நம்பிக்கை என்று பெயர் வைப்பது தவறு. போபாலில் 1984 டிசம்பரில் நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். 25 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 2010 ஜூனில் ஏழு பேருக்கு இரண்டாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. குற்றம் என்ற ஒரே கணக்கில் பார்த்தால் அது தீர்ப்பு. மண்ணிலும் நிலத்தடி நீரிலும் தங்கிவிட்ட நஞ்சை யார் எடுப்பது, நோயோடு பிறந்தவர்களை யார் பார்ப்பது என்ற கேள்விகளுக்கு அதில் பதில் இல்லை.

பொறுப்பை எல்லோர் மேலும் சமமாகத் தூவினால் அது காற்றில் கரைந்துவிடும் என்ற அச்சமும் நியாயமானதே. கூலிக்கு லாரி ஓட்டுபவனையும் முதலாளியையும் ஒரே தட்டில் வைப்பது இன்னொரு அநீதி. ஆகவே பொறுப்புக்கு அளவுகோல் வேண்டும். யாரிடம் தடுக்கும் அதிகாரம் அதிகமோ, யாருக்கு உண்மை முன்கூட்டியே தெரியுமோ, யார் லாபத்தைப் பெற்றார்களோ, அவர்கள் மீது சுமை அதிகம். லித்துவேனியாவில் பிறந்த பிரெஞ்சுச் சிந்தனையாளர் இம்மானுவேல் லெவினாஸ், எதிரே உள்ளவரின் முகமே நம்மைக் கடமைக்கு அழைக்கிறது, அந்த அழைப்பு எந்த உடன்படிக்கைக்கும் முந்தியது என்று 1961இல் எழுதினார். அந்த முகம் ஆலை மேலாளரின் அறையிலும் அமைச்சக மேசையிலும் தெரிவதில்லை. அது தெரியும்படி செய்வதுதான் சட்டத்தின் வேலை. சுற்றுச்சூழல் மாசுக்கான அபராத உச்சவரம்பை மலேசியா 2024இல் 1 கோடி ரிங்கிட்டாக உயர்த்தியது நல்ல தொடக்கம். ஆனால் அபராதம் கேடு நடந்தபின் வசூலிப்பது. கழிவு எங்கே பிறந்தது, எங்கே போனது என்று யாரும் பார்க்கக்கூடிய பதிவு, பள்ளிக்கும் ஆலைக்கும் இடையே உண்மையான இடைவெளி, மூச்சு பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகள் தொடரும் மருத்துவக் கண்காணிப்பு ஆகியவை நடப்பதற்கு முன்பும் பின்பும் தர வேண்டிய கடன்கள்.

குற்றத்தைப் பங்கு பிரிக்கலாம். பிரித்து, உரியவருக்கு உரிய தண்டனையும் தரலாம். பொறுப்பு அப்படிப் பங்கு பிரிந்து குறைவதில்லை. ஒருவர் தம் பங்கை நிறைவேற்றியதாலோ தட்டிக் கழித்ததாலோ மற்றவர் விடுதலை பெறுவதும் இல்லை. தண்டனைக்குப் பிறகும் சுமக்க ஆள் இருக்கிற சமூகத்தைத்தான் அறமுள்ள சமூகம் என்று சொல்லத் தகும்.